ஐந்தரை அடியும் ஒரு மீட்டரும்

தென்பாண்டிச் சீமையிலிருந்து எழும்பூரில் வந்து இறங்கி, காசிக்கோ டெல்லிக்கோ போகும் வண்டியைப் பிடிக்க வேண்டிய பிரயாணி, பெட்டி படுக்கையோடு வெளியே வந்தவுடன் கேட்கிற முதற்கேள்வி, "சென்ட்ரலுக்கு எப்படிப் போவது?" என்பதாகத்தான் இருக்கும். அக்கேள்விக்கு ஒரு காலத்தில் ஜட்காக்காரர் விடை சொன்னார். பின்பு கைரிக்ஷாக்காரரும் டாக்ஸிக்காரரும் ஆட்டோக்காரரும் தத்தமக்கு உகந்த விலையில் விடை சொன்னார்கள். ஆனால் ஒரே நகரத்தில், கூப்பிடு தூரமென்று சொல்லத்தக்க இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில், அரண்மனைகளைப் போன்ற இரண்டு புகைவண்டி நிலையங்கள் பேச்சுவார்த்தையற்ற பங்காளிகளைப் போல ஏன் தனித்தனியே நிற்கின்றன என்பதற்கு விடை சொல்ல அவர்களில் எவரும் கடமைப்பட்டவரல்லர். அந்த விடை தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கிறது. சென்ட்ரலில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே இருந்தது ஐந்தரை அடி. எழும்பூரில் இருந்தது ஒரு மீட்டர். இந்த இரண்டடிச் சொச்ச வித்தியாசத்தைத் தாண்டச் சென்னைப் பட்டணத்திற்கு ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து வருஷங்கள் ஆயின.

இருப்புப்பாதை இந்நகருக்குள் மனிதரை ஏற்றிக்கொண்டு வரவில்லை. கல்லை ஏற்றிக்கொண்டு வந்தது. 1837-ஆம் ஆண்டில், பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே வண்டி ஓடுவதற்குப் பதினாறு வருஷங்களுக்கு முன்னரே, செங்குன்றத்துச் செம்பாறைக் கற்களைச் சென்னைக்குக் கொண்டுவரும் பொருட்டு ஒரு சிறு தண்டவாளப் பாதை இடப்பெற்றது. பின்னாளில் கோதாவரி அணையால் பெரும்புகழ் எய்திய ஆர்தர் காட்டன் இம்முயற்சியில் சம்பந்தப்பட்டிருந்தார். அந்தக் கற்கள் எதற்கு என்று கேட்டால், பட்டணத்துக்குச் சாலைகள் போடுவதற்கு! சாலைக்கு உதவி செய்யப் பிறந்த இருப்புப்பாதை பிற்காலத்தில் அதே சாலைகளை லெவல் கிராசிங் கதவுகளால் அடைத்து நிறுத்தி, பட்டணத்து ஜனங்களிடம் தீராத வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது விதியின் விளையாட்டு. செங்குன்றத்துப் பாதை நீண்ட காலம் நிலைக்கவில்லை. இன்று அதன் சுவடு காண்பதற்கும் இல்லை.

முறையான புகைவண்டி வந்தது 1856-இல். சென்னை ரயில்வே கும்பினியார் 1853-இல் வேலை தொடங்கி, ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு அருகேயுள்ள வாலாஜா ரோடு வரையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பாதை அமைத்து, ஜூன் மாதம் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபுவைக் கொண்டு நிலையத்தைத் திறந்து, ஜூலை முதல் தேதியன்று பொதுஜனங்களுக்கு வண்டி விட்டார்கள். நிலையத்துக்கு ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் வெளிப்படையானது. அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள் அலைகளோடு மல்லாடிச் சரக்குகளைக் கரை சேர்க்கும். கரை சேர்ந்த சரக்கு கருப்பர் பட்டணத்து வர்த்தகர்களின் கிடங்குகளுக்குப் போகும். கடலுக்கும் கிடங்குக்கும் கோட்டைக்கும் ஒருசேர அண்மையில் இருந்த இடம் ராயபுரம். பிரயாணிகளின் சௌகரியத்தை உத்தேசித்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். வரிசைத் தூண்கள் தாங்கிய அந்தக் கட்டிடம், இந்நாட்டில் இன்றும் உபயோகத்தில் உள்ள நிலையக் கட்டிடங்களிலே மிகப் பழமையானது என்ற பெருமையோடு நின்றுகொண்டிருக்கிறது. அதன் வாசலில் அந்தப் பெருமையை நினைத்து நிற்பவர் மட்டும் அருமை.

பாதை விரைவாக நீண்டது. 1862-க்குள் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. 1871-இல் அரக்கோணத்திலிருந்து ராய்ச்சூர் வழியாகப் பம்பாயுடன் இணைந்தது. நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில், 1873-இல் இன்னொரு நிலையம் எழுந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்து, சிஷோல்ம் என்ற கட்டிடக் கலைஞர் மெருகேற்றிய அந்த நிலையமே மெல்ல மெல்ல ராயபுரத்தின் ஸ்தானத்தைப் பற்றிக்கொண்டு சென்ட்ரல் ஆயிற்று. அதை ஒட்டி ஓடும் வால்டாக்ஸ் சாலையின் பெயரிலே ஒரு வேடிக்கை உண்டு. கருப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கட்டிய மதிலின் செலவுக்காகக் கும்பினியார் ஜனங்கள் மீது ஒரு வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, மதிலும் பெரும்பாலும் மறைந்துவிட்டது, வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நிலைத்துவிட்டது. அந்தச் சாலையை அடுத்தே சால்ட் கொட்டாரஸ் என்ற சரக்கு நிலையம் இருக்கிறது. கொட்டாரம் என்பது களஞ்சியத்தைக் குறிக்கும் நம் பழஞ்சொல். உப்புக் கொட்டாரத்தில் பாதி ஆங்கிலமாகி, மீதி ஆங்கில வேஷம் போட்டுக்கொண்டு இந்தப் பெயர் ஆயிற்று. ஒரு காலத்தில் உப்பு குவிந்திருந்த அந்த நிலத்தில் பின்பு அரிசியும் சிமெண்டும் இரும்பும் வந்து இறங்கின.

இதுவரையில் நாம் பார்த்ததெல்லாம் ஐந்தரை அடிப் பாதை. டல்ஹௌசி பிரபு இந்தியா முழுவதற்கும் ஒரே அளவு இருக்கவேண்டும் என்று உறுதி செய்து வைத்த அகலம் அது. ஆனால் 1870-இல், மேயோ பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது, சர்க்கார் பொக்கிஷத்தின் இளைத்த நிலையை எண்ணி, செலவைக் குறைக்க வேண்டுமென்று ஒரு மீட்டர் அகலப் பாதையைப் புகுத்தினார்கள். நாடு அப்போது மெட்ரிக் அளவுகளை மேற்கொள்ளப் போகிறது என்று நம்பியதால்தான் அடிக்கணக்கை விட்டு மீட்டர்க் கணக்கைப் பிடித்தார்கள். அந்தச் சீர்திருத்தமோ ஏட்டோடு நின்றுவிட்டது. மீட்டர் என்ற அளவு நம்முடைய ஜவுளிக் கடைகளுக்கு வந்து சேர எண்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரையில் கஜத்தில் துணி வாங்கிய ஜனங்கள் மீட்டரில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

தெற்கே இந்தச் சிக்கனம் செய்த கூத்தைத் தனியே சொல்லவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக ஈரோடு வரையில் முதலில் போடப்பட்டது அகலப் பாதையே. 1870-களில், தென்னிந்திய ரயில்வே என்ற புதிய கும்பினி உருவான பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து நெருக்கி, மீட்டர்ப் பாதையாகச் சுருக்கினார்கள். பின்னர் 1929-இல் ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட பகுதியை மறுபடியும் அகலமாக்கினார்கள். சென்னைக்கு அருகிலோ விநோதம் இன்னும் அதிகம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-இல் வேறொரு கும்பினியார் போட்ட பாதை மூன்றரை அடி அகலம் கொண்டது. அதுவும் பின்பு மீட்டராயிற்று. ஆக, நகரத்தைச் சுற்றி ஒரு நாள் பிரயாண எல்லைக்குள் மூன்று அளவுகள் நிலவிய காலம் ஒன்று இருந்தது.

அளவு மாறுகிற இடத்தில் சரக்குக்கு நேர்வதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு வாகனில் வந்த நெல்மூட்டை மற்றொரு வாகனுக்குத் தானாக நடந்து போகாது. கூலியாள் ஒருவன் கொக்கி போட்டு இழுத்து, முதுகில் ஏற்றி, பலகை மேல் நடந்து, எதிர் வாகனில் தள்ளவேண்டும். மூட்டை கிழியும், சிந்தும், நனையும், சில சமயம் வழியில் இளைக்கவும் செய்யும். ஒருவகைப் பாதையில் காலி வாகன்கள் வரிசையாகத் துருப்பிடித்து நிற்க, மறுவகைப் பாதையில் வாகன் கிடைக்கவில்லை என்று வியாபாரிகள் மனுச் செய்துகொண்டிருப்பார்கள். பாதை போடும் செலவில் மிச்சம் பிடித்த ரூபாய், இந்தக் கூலியிலும் தாமதத்திலும் சிறுகச் சிறுகக் கரைந்து போயிற்று. மிச்சம் பிடித்தவர் ஒருவர், கரைத்தவர் வேறொருவர் ஆகையால் கணக்கில் அது தெரியவில்லை.

தாது வருஷத்துப் பஞ்சத்தின்போது, அதாவது 1876 முதல் 1878 வரையில், கப்பல் கப்பலாக வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்க, உள்நாட்டில் ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். தானியத்தின் விலையும் சர்க்காரின் கொள்கையும் இக்கொடுமைக்கு மூலகாரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வந்த தானியத்தை வந்த வேகத்தில் உள்ளே கொண்டுசெல்ல இருப்புப்பாதைகளுக்குச் சக்தி போதவில்லை என்பதும் உண்மையே. அந்தப் பஞ்சகாலத்து நிவாரண வேலையாகத்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டு, அன்றைய கவர்னர் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று அழைக்கப்பட்டது. வடக்கிலிருந்து விறகும் உப்பும் நெல்லும் படகுகளில் வந்து இறங்கிய அந்த நீர்வழியைப் பற்றிப் பின்னாலும் பேசவேண்டியிருக்கிறது.

மீட்டர்ப் பாதை 1870-களின் கடைசியில் தெற்கிலிருந்து சென்னைக்குள் நுழைந்து எழும்பூரில் நிலைகொண்டது. இன்று நாம் காணும் செந்நிறக் கட்டிடம் ஹென்றி இர்வின் வரைந்து, பெங்களூர் சாமிநாத பிள்ளை கட்டி, 1908 ஜூனில் திறக்கப்பட்டது. அங்கிருந்து புறப்பட்ட போட் மெயில், தனுஷ்கோடியில் கப்பலோடு கைகோத்து, சிலோனுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்றது. அதே 1908-இல் மறுபக்கத்துச் சென்னை ரயில்வே கும்பினி மராட்டியப் பிரதேசத்துக் கும்பினியோடு சேர்ந்து எம்.எஸ்.எம். ரயில்வே ஆயிற்று, 1922-இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு மாளிகையும் கட்டிக்கொண்டது. ஒன்று வடக்கையும் மேற்கையும் ஆண்டது; மற்றொன்று தெற்கை ஆண்டது. இரண்டும் கடற்கரையில் மட்டும் அருகருகே வந்து நின்றன, ஏனென்றால் அங்கே துறைமுகம் இருந்தது.

அந்தத் துறைமுகத்தை உருவாக்கிய மனிதர் ஒரு ரயில்வே எஞ்சினீயர் என்பது பலருக்கு நினைவில்லை. 1881-ஆம் வருஷப் புயல் கட்டிக்கொண்டிருந்த அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது. ஒருவாறு கட்டி முடித்த பின்னரும் கிழக்கு நோக்கிய வாயில் வழியே அலையும் மணலும் உள்ளே புகுந்து கப்பல்களை அலைக்கழித்தன. 1904-இல் துறைமுக ஸ்தாபனத்தின் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். துறைமேடைகளுக்குப் பக்கத்திலே தண்டவாளம் ஓடவும், கிடங்குகள் அமையவும் ஏற்பாடு செய்தார். கப்பல், கிடங்கு, வாகன் என்ற மூன்றையும் ஒரே இயந்திரத்தின் அங்கங்களாகப் பார்க்கும் பழக்கம் ரயில்வேக்காரருக்கே உரியது. அவருடைய அலுவலகத்தில்தான், 1912 மார்ச் முதல், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் என்ற இளைஞர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். துறைமுகம் உலகத்துக்கு ஏற்றுமதி செய்த பொருள்களில் அவரைவிட உயர்ந்தது வேறொன்றும் இல்லை.

சரக்கு இப்படித் தன் வழியைச் செப்பனிட்டுக்கொண்டிருக்க, மனிதர்களின் கூட்டம் மெல்ல வந்து சேர்ந்தது. கோட்டையிலும் கடற்கரையிலும் இருந்த ஆபீசுகளில் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இடம் போதாமல் மேற்கேயும் தெற்கேயும் நகரத் தொடங்கினார்கள். நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. இதை அறிந்த தென்னிந்திய ரயில்வேயார், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் 18 மைல் தூரத்துக்கு மின்சார வண்டி விடத் திட்டமிட்டு நிறைவேற்றினார்கள். 1931 ஏப்ரல் 2-ஆம் தேதி கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைக்க, மே மாதம் 11-ஆம் தேதி முதல் ஜனங்களுக்காக வண்டிகள் ஓடின. இந்திய மீட்டர்ப் பாதைகளில் மின்சாரம் புகுந்தது அதுவே முதல் தடவை. சரக்கையும் அவர்கள் மறந்துவிடவில்லை: வாகன்களை இழுக்க நான்கு மின்சார இயந்திரங்களை வரவழைத்தார்கள், கம்பி இல்லாத பக்கப் பாதைகளில் புகும்போது துணையாக இழுத்துச் செல்ல பாட்டரி ஏற்றிய தனி வண்டிகளையும் செய்துவைத்தார்கள். தொண்ணூறு வருஷங்களுக்கு முன் இப்படிச் சிந்தித்திருக்கிறார்களே என்று இன்று வியக்கத் தோன்றுகிறது.

அந்தப் பதினெட்டு மைல் செய்த மாற்றத்தைப் போல வேறெந்தச் சட்டமும் திட்டமும் இந்நகரில் செய்ததில்லை. நிலையம் எங்கே இருந்ததோ அங்கே ஊர் முளைத்தது. தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலை இருந்த இடம் குரோம்பேட்டையாயிற்று. க்ஷயரோகிகளுக்காகக் காற்றோட்டமான காட்டுப் பிரதேசத்தில் 1928-இல் அமைந்த வைத்தியசாலை தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்துக்குப் பெயரளித்தது; பிறகு அதே இடத்தில் ஆரோக்கியமான குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறின. பாக்கெட்டில் சீசன் டிக்கெட்டும் கையில் சாப்பாட்டுத் தூக்கும் உள்ள மனிதன் என்ற புதிய ஜாதி ஒன்று பிறந்தது. கோடம்பாக்கத்தில் வண்டிக்காகக் கேட் மூடும்போதெல்லாம் மறுபக்கத்துச் சினிமா ஸ்டூடியோக்களுக்குப் போகவேண்டிய நட்சத்திரங்களும் மாட்டுவண்டிக்காரரும் சமமாகக் காத்துநின்றார்கள்; 1965-இல் அங்கே மேம்பாலம் எழுந்த பின் அந்தச் சமத்துவம் முடிவுக்கு வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி இரு கும்பினிகளும் மைசூர் ரயில்வேயும் ஒன்றாகித் தென்னக ரயில்வே பிறந்தது. எஜமானர் ஒருவரானார், பாதை ஒன்றாகவில்லை. 1955-இல் பெரம்பூரில் ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலை தொடங்கி நாட்டுக்கெல்லாம் பெட்டி கட்டித் தந்தது. 1960-களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானிலிருந்து வந்த 20 மீட்டர்ப் பாதை இயந்திரங்கள் சரக்கையும் பிரயாணிகளையும் இழுத்தன. 1967-இல் பழைய நேர்மின்சாரம் நீங்கி மாறுதிசை மின்சாரம் வந்தது. இத்தனை பணமும் மீட்டர்ப் பாதையிலேயே செலவாயிற்று. வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த தொழிலாளர்களுக்கோ மின்சார வண்டி கிட்ட 1979 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று: கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் அவ்வாண்டில்தான் அது ஓடத் தொடங்கியது. வடசென்னைப் பாதைகளில் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் உரத்துக்கும் முதல் மரியாதை. உடலுழைத்து வீடு திரும்புகிறவனுக்கு அடுத்தது. இந்தப் பாரபட்சத்தைப் பற்றித் தென்பகுதிவாசிகளாகிய நாம் அதிகம் பேசுவதில்லை.

வடக்குப் புறநகர் வண்டிகளுக்குச் சென்ட்ரலில் இடம் போதாமற் போனபோது, பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் நிலம் ரயில்வேக்கு வந்தது. 1985 மே மாதத்தில் மார்க்கெட் தீக்கிரையான பிறகு அங்கே புறநகர் நிலையம் எழுந்தது. பழைய புத்தகத்துக்காக அங்கே உச்சி வெயிலில் அலைந்தவர்கள் இன்றும் அந்த நிலையத்தில் வண்டி ஏறும்போது ஒரு கணம் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்; நானும் தயங்கியதுண்டு.

பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கும், 1997-இல் மயிலாப்பூருக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் பறக்கும் ரயில் எட்டியது. வீடுகளை இடிக்காமல் பாதை போடுவதற்குக் கண்டெடுத்த நிலம் அந்தக் கால்வாய்தான். கான்கிரீட் தூண்கள் அதன் வயிற்றிலே இறங்கின. ஒரு காலத்தில் நெல்லும் விறகும் சுமந்து நகரத்தை ஊட்டிய நீர்வழி, இன்று தலைக்குமேல் பிரயாணிகளைச் சுமந்துகொண்டு கீழே சாக்கடையாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியில்லாமல் திணறும்போது மட்டும் அது கால்வாய் என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது.

நகரத்தில் மீட்டர்ப் பாதையின் ஆயுள் 2004-இல் முடிந்தது. நாடு முழுவதையும் ஒரே அளவாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கி, தென்மாவட்டங்களில் ஒவ்வொரு பாதையாக விழுங்கி வந்து, இறுதியில் கடற்கரை–தாம்பரம் புறநகர் வண்டிகளையும் அகலப் பாதைக்கு மாற்றியது. மேயோ பிரபுவின் சிக்கனத்தை நீக்குவதற்கு ஆன செலவை, அவர் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

ஆயினும் பாதை ஒன்றானதோடு இடநெருக்கடி தீர்ந்துவிடவில்லை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே மூன்றே பாதைகள் இருந்தன. இரண்டைப் புறநகர் வண்டிகள் எடுத்துக்கொள்ள, மூன்றாவதை நெடுந்தூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்காவது பாதை ஒன்று போடுவதற்கு, பறக்கும் ரயிலின் நிலத்தில் ஒரு பகுதியை எடுக்கவேண்டியிருந்ததால், 2023 ஆகஸ்டு கடைசியில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அந்த வண்டிகளை நிறுத்தினார்கள். மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் கடைசியில். கோட்டையின் மதிலுக்கும் கூவத்தின் கரைக்கும் சாலைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட அந்தக் குறுகிய பட்டையில், ஒரு பாதைக்கு இடம் தரவேண்டுமானால் இன்னொன்றை ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

சென்ட்ரலுக்கு எதிரே, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அடியில், பூங்கா நிலையத்துக்குப் போகும் சுரங்கப்பாதை ஒன்று உண்டு. தாம்பரத்திலிருந்து வருகிறவர்கள் பூங்காவில் இறங்கி அதன் வழியாகத்தான் சென்ட்ரலுக்குப் போகிறார்கள். சென்ற மாதம் ஒரு மாலையில் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர், தலையில் ஒரு பெட்டியும் தோளில் ஒரு பையுமாகப் படி இறங்கிக்கொண்டிருந்தார்; பின்னால் அவருடைய பேத்தி, "தாத்தா, இந்த ரயிலும் அந்த ரயிலும் ஒரே தண்டவாளம்தானே, ஏன் இறங்கி நடக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ படியைப் பார்த்து வா அம்மா, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.